அன்றைய கடைத்தெருவும் அதன் வாங்குகளும்

பழைய மாணவர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், அவர்தம் பேச்சு ஆசிரியரிலும் பாடத்திலுந் தொடங்கினும், சிறிது நேரத்திற் கல்லூரிப் படலையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குச் சென்றுவிடுதல் இயல்பு. எந்தக் கடையின் வடை சுவைத்தது, எந்தச் சந்தியில் வாடகைக் கார்கள் நின்றன, எந்தத் தியேட்டரிற் கலரிச் சீட்டுக்கு நெருக்கடி மிகுந்தது என்பனவெல்லாம் பரீட்சைப் பெறுபேறுகளினும் தெளிவாக நினைவில் நிற்கின்றன. இத்தகைய நினைவுகள் இனியவை; ஒரு கல்லூரியின் மலரில் அவற்றுக்கு இடமும் உண்டு. ஆயின் இனிமை ஒன்றே வரலாறு ஆகாது. கடைத்தெரு எவ்வாறு இயங்கியது, எவருடைய உழைப்பால் இயங்கியது, அங்கே எவர் அமர்ந்தார், எவர் நின்றார் என்பவற்றையும் உடன் சொன்னாலன்றி நாம் சொல்வது பாதி நினைவேயாகும். யாழ்ப்பாண நகரின் கடைத்தெரு, சிறப்பாக 1950களிலும் 1960களிலும் இருந்தவாற்றை அந்நோக்கோடு விளக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

நகர் அமைந்தவாறு

யாழ்ப்பாண நகரின் தெருக்கள் கோட்டையை முதலாகக் கொண்டு விரிந்தவை. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐங்கோண வடிவிற் புதுக்கியமைத்தனர். அதன் கிழக்கே பிரதான வீதி நீண்டு சென்றது. வடக்கே பெரிய கடையும் அதற்கப்பால் வண்ணார்பண்ணையும் வணிகத்துக்குரிய இடங்களாயின. 1850ஆம் ஆண்டில், அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் முயற்சியாற் தோன்றிய ஆசுப்பத்திரி ஒரு வீதிக்குப் பெயர் தந்தது. 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் 1882இல் முற்றுப்பெற்றது. கைக்கடிகாரம் அரிதாயிருந்த நாளில் நகருக்கு வந்தோர் நேரம் பார்த்தது அக்கோபுரத்திலேயாம்.

புகைவண்டி இப்பட்டினத்தின் வாழ்வை மாற்றியது. 1902ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே வண்டி ஓடத் தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டிற் கொழும்போடு தொடர்பு ஏற்பட்டது. அதுவரை கடலையே பெரிதும் நம்பியிருந்த வணிகர், காலையில் அனுப்பிய சுருட்டுப் பெட்டி மறுநாட் தென்னிலங்கைக் கடையில் இறங்குவதைக் கண்டனர். 1956ஆம் ஆண்டு ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், கொழும்பில் உத்தியோகம் பார்த்தோர் விடுமுறைக்கு வருவதும் போவதும் கடைத்தெருவின் ஏற்றவிறக்கத்துக்கு ஒரு கணக்காயின. சம்பள நாளின் பின் வரும் வண்டியை எதிர்பார்த்துப் புடைவைக்கடைகள் சரக்கு எடுத்தன.

தெருக்கள் தொழிலால் அறியப்பட்டன. கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் பொற்கொல்லர் பட்டடைகளும் நகைக்கடைகளும் இருந்தன. பெரிய கடையிற் பலசரக்கும் புடைவையும் மலிந்தன. சோனகத் தெருவிலும் அதன் அயலிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் இரும்புச் சாமான், தையல், இறைச்சி முதலிய வணிகங்களிற் சிறந்து விளங்கினர். கலியாணத்துக்குத் தாலி ஒரு தெருவிலும், கூறை மற்றொரு தெருவிலும், வீட்டுக்குக் கொண்டியும் பிணைச்சலும் வேறொரு தெருவிலும் வாங்கப்பட்டன. ஆகவே ஒரு குடும்பத்தின் நன்மை தீமைகள் யாவும் பல இனத்தாரும் பல மதத்தாருமான கடைக்காரர் கைகளைத் தொட்டே நிறைவேறின.

கடைகளிற் புழங்கிய சொற்களே நகரின் வரலாற்றைக் கூறும். பாண், அலுமாரி, மேசை, சாவி, வாங்கு, தவறணை என்னுஞ் சொற்கள் போர்த்துக்கேய மொழி வழியாக வந்தவை. இவற்றுள் வாங்கு என்னுஞ் சொல்லை வாசகர் மனத்திற் கொள்வாராக. கல்லூரி வகுப்பிலும் அதுவே இருந்தது. தேநீர்க்கடையிலும் அதுவே இருந்தது. அதில் அமர்தற்குரியார் எவர் என்பதே அக்காலத்தின் பெரு வழக்காயிற்று.

அளவும் கடனும்

பலசரக்குக்கடையிற் பொருள் அளக்கப்பட்ட முறை இன்றைய மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றும். அரிசி கொத்தால் அளக்கப்பட்டது. நான்கு சுண்டு கொண்டது ஒரு கொத்து. சீனியும் பருப்பும் இறாத்தலில் நிறுக்கப்பட்டன. 112 இறாத்தல் கொண்டது ஓர் அந்தர். காய்கறியும் மீனும் சந்தையிற் கூறுகட்டி வைக்கப்பட்டன. விலை சதக் கணக்கிற் பேசப்பட்டது. நாற்கோண வடிவான ஐந்து சதமும் விளிம்பு நெளிந்த பத்துச் சதமும் சிறுவர் கையில் தடவிப் பார்த்தே அறியத்தக்கனவாயிருந்தன.

கடைக்காரரிடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடன் கொப்பி இருந்தது. கடன் கொடுத்தல் கடைக்காரரின் இரக்கத்தால் மாத்திரம் நடந்ததன்று. யாழ்ப்பாணத்தில் வருவாய் நாடோறும் வருவதில்லை. உத்தியோகத்தருக்கு மாத முடிவிலும், புகையிலை செய்வோருக்கு அறுவடை முடிந்து வியாபாரி பணம் கொடுக்கும்போதும், வெங்காயமும் மிளகாயும் செய்வோருக்கு அவை விலைப்படும்போதுமே காசு கைக்கு வரும். அடுப்போ நாடோறும் எரியவேண்டும். இவ்விடைவெளியை நிரப்பியது கடன் கொப்பி. கடைக்காரரும் தம் சரக்கைப் பெரிய கடை மொத்த வியாபாரியிடம் தவணைக்கே எடுத்தார். எனவே தோட்டத்திற் பயிர் பொய்த்தால் ஊர்க்கடையும், ஊர்க்கடை தளர்ந்தால் பெரிய கடையும் தளர்ந்தன. கொப்பியிற் பெயர் இருந்தவன் மழை பொய்த்த மாதத்திலும் உண்டான். பெயர் எழுதப்பெறாத கூலித் தொழிலாளி அன்றன்று பெற்ற காசுக்கு அரைச் சுண்டும் கால் இறாத்தலுமாக வாங்கினான். சிறிது சிறிதாக வாங்குவோர் கூடிய விலை கொடுப்பது எக்காலத்தும் உள்ள வழக்கம்.

இரண்டாம் உலகப் போர் இவ்வமைப்பினுள் அரசாங்கத்தைக் கொண்டுவந்தது. 1942ஆம் ஆண்டில் அரிசிப் பங்கீடு ஏற்பட்டுக் கூப்பன் புத்தகம் வீடுதோறும் வந்தது. சங்கக்கடை என்று மக்கள் அழைத்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. அங்கே கொப்பியிலும் கூப்பனே பெரிதாயிற்று. தலைக்கு இவ்வளவு என்று எழுதப்பட்ட அரிசியைக் குடியானவனும் கூலிக்காரனும் ஒரே அளவாற் பெற்றனர். 1953ஆம் ஆண்டில் அரிசி மானியம் குறைக்கப்பட்டபோது நாடெங்கும் ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் நடந்தது. பங்கீட்டரிசி எத்துணை ஆழமாக ஏழையின் வாழ்விற் பதிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

செவியாற் கற்ற இடங்கள்

கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சுருட்டுக் கொட்டில்களை மறத்தல் ஆகாது. யாழ்ப்பாணப் புகையிலையின் ஒரு பகுதி முன்னாளிற் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. உள்நாட்டில் அது சுருட்டாகித் தென்னிலங்கை ஊர்களுக்குச் சென்றது. அவ்வூர்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக்கடைகள் பெயர் பெற்றவை. சுருட்டுத் தொழிலாளர் கொட்டிலில் வரிசையாகத் தரையிலிருந்து நாள் முழுவதும் சுற்றினர். கைக்கு வேலையுண்டு, செவிக்கு வேலையில்லை. ஆதலின் ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரக்க வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே சுற்றினர். பள்ளிக்கூடத்திற் பல ஆண்டு கழித்தறியாத ஒருவர் நாட்டு நடப்பையும் உலகப் போரையும் இராமாயணத்தையும் ஒருங்கே பேச வல்லவராயிருந்தமைக்குக் காரணம் இதுவே.

முடிதிருத்தும் சலூனும் இத்தகைய கல்விக் களமாயிற்று. முறை வரும்வரை வாங்கிலிருந்து பத்திரிகை பார்த்தல் அங்கு வழக்கம். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஒரு சலூனிற் தொழில் செய்துகொண்டே டொமினிக் ஜீவா 1966ஆம் ஆண்டில் மல்லிகை என்னும் மாத இதழைத் தொடங்கினார். தண்ணீரும் கண்ணீரும் என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர் அவர். பல்கலைக்கழகத்தாரும் பாடசாலை ஆசிரியரும் தத்தம் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு ஒரு சலூனின் படியேறிய காட்சியை இந்நகரம் கண்டது. மல்லிகை நாற்பது ஆண்டுக்கு மேல் வெளிவந்தது. தன் தொழிலை மறையாது சொல்லித் தமிழிலக்கியத்திற் தலை நிமிர்ந்து நின்ற ஒருவரை ஆக்கியது கல்லூரி மண்டபமன்று, கடைத்தெருவேயாம் என்பதை நாம் மறத்தலாகாது.

பொது நூலகமும் இத்தெருவிலேயே பிறந்தது. க. மு. செல்லப்பா என்பவர் 1933ஆம் ஆண்டிற் தொடக்கிய முயற்சியின் பயனாக, 1934ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஆசுப்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. கடையொன்று போன்ற அறை. ஆயின் காசு கொடாது உட்கார்ந்து வாசிக்கத்தக்க அறை. கால் நூற்றாண்டு கழிந்து, 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி அது தன் புதிய வெண்ணிற மாளிகையிற் புகுந்தது.

தேநீர்க்கடை

இனித் தேநீர்க்கடைக்கு வருவோம். வாயிலிற் தொங்கும் வாழைக்குலை, கண்ணாடி அலுமாரியில் வடையும் போண்டாவும் பணிசும், கொதிக்கும் கேத்தில், உயரத் தூக்கி ஆற்றும் தேநீர், சுவரிற் தெய்வப் படங்கள், மூலையில் வானொலி, இவையே அதன் இலக்கணம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டிற் தொடங்கியபின் திரைப்படப் பாடல் தேநீர்க்கடையின் அழைப்பு மணியாயிற்று. சைவக்கடைகளில் வாழையிலைச் சோறும், மாலையில் தோசையும் கிடைத்தன. பெருநாளிலும் பரீட்சை முடிவிலும் ஐஸ்கிறீம் உண்ணச் சுபாஸ் கபேக்குச் செல்லுதல் பல குடும்பங்களின் கொண்டாட்டமாயிருந்தது. மாணவர் சீருடையோடு கடை வாயிலில் நிற்பதை ஆசிரியர் விரும்பார். ஆதலின் அங்கே செல்வது மாணவர்க்கு இரட்டிப்பு இன்பமாயிற்று.

ஆயின் அக்காலத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றில் வாங்கு எல்லார்க்கும் உரியதன்று. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே செல்லுதல் தடுக்கப்பட்டது. அவர்கள் கடையின் புறத்தே நின்றோ நிலத்திலிருந்தோ பருகவேண்டும். அவர்களுக்குத் தேநீர் வழங்கப்பட்டது சிரட்டையில்; சிலவிடங்களிற் போத்தலில் அல்லது தகரப் பேணியில். கொடுத்த காசு ஒன்றே. குடித்த தேநீரும் ஒன்றே. கடை முதலாளியின் கல்லாப் பெட்டியில் அக்காசு ஏனைய காசுகளோடு கலந்தபோது அதற்குத் தீட்டு இருக்கவில்லை. இதனை எழுதுதல் எவரையும் நோகச்செய்தற்கன்று. உள்ளே அமர்ந்திருந்தோருட் பெரும்பாலோர் வெளியே நின்றவரைக் காணாது வளர்ந்தனர். காணாதிருக்கப் பழக்கியதே அவ்வழக்கத்தின் வலிமை.

இவ்வழக்கு வகுப்பறையில் முன்னரே எழுந்ததொன்று. 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி வந்தபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு மூண்டது. 1924ஆம் ஆண்டிற் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது, சாதி வேறுபாட்டை எதிர்த்து நின்றது. அதன் அழைப்பை ஏற்று 1927ஆம் ஆண்டு நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து, மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வற்புறுத்திச் சென்றார். வகுப்பிற் சமமாக அமரும் உரிமை மெல்ல மெல்ல நிலைபெற்றது. எனினும் ஒரே வாங்கிலிருந்து கணிதம் படித்த இருவர், மாலையிற் தெருவுக்கு வந்ததும் ஒருவர் கடையுள்ளும் மற்றவர் கடைவெளியிலும் நிற்க நேர்ந்தது.

1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாக ஒருவரைக் கடை, உணவுச்சாலை, சலூன் முதலிய பொது இடங்களிலிருந்து விலக்குதல் குற்றமாயிற்று. நகரில் சில கடைகள் திறந்தன. வேறு சில, தண்டத்துக்கு அஞ்சி வாயிலைத் திறந்து மனத்தை மூடிக்கொண்டன. ஊர்ச் சந்திகளில் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளிற் சங்காணை, சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய இடங்களிற் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. ஒரு கோப்பைத் தேநீரை உள்ளே அமர்ந்து பருகும் உரிமைக்காக மனிதர் அடியுண்டனர், உயிர்களும் பலியாயின. 1972ஆம் ஆண்டில் வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் என்னும் நாவல் அக்காலத்தைப் பொருளாகக் கொண்டது. அந்நாவலைப் படித்தபின் ஒருவர் பழைய தேநீர்க்கடையை நினைந்தால் அந்நினைவு முன்போல் இராது.

தவறணை

ஓர் இந்துக் கல்லூரி மலரிற் தவறணையைப் பற்றி எழுதலாமோ என்று சிலர் வினவக்கூடும். குடியைப் புகழ்தல் எம் கருத்தன்று. ஆயின் பனை நாட்டின் தெரு வாழ்க்கையை விளக்கப் புகுந்தவர் தவறணையைச் சுற்றிப் போக முடியாது.

பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டினால் இனிய நீர் வடியும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது புளியாது கருப்பநீராக நிற்கும்; காய்ச்சினால் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு தடவாவிடின் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சேர்ந்து, இறக்கும்போதே அது கள்ளாகிவிடும். நூற்றுக்கு ஐந்து பங்களவே அதில் மதுசாரம் உண்டு. ஒரு நாட் கழிந்தால் அது மேலும் புளித்துக் காடியாகிவிடும். கள்ளைத் தொலைவுக்குக் கொண்டு செல்லவோ பல நாள் வைத்திருக்கவோ இயலாமை இதனாலேயாம். ஆகவே கள் விற்குமிடம் மரத்துக்கு அண்மையிற், கிடுகு வேய்ந்த கொட்டிலாக, ஊர்தோறும் இருக்கவேண்டியதாயிற்று. பனங்கள் ஏறத்தாழத் தை முதல் ஆடி வரை. ஏனைய மாதங்களிற் தென்னங்கள்.

கள் பருகப்பட்டது பிளாவில். பனையோலையை மடித்துக் கட்டிய அக்கலம் ஒரு முறை பயன்பட்டபின் எறியப்பட்டது. கழுவ வேண்டியதில்லை, உடைவதில்லை, பிறர் வாய் பட்டதோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. வாட்டிய மீனோ கடலையோ துணையாயிருக்க, ஊர்ச் செய்தியும் வயல் வழக்கும் அரசியலும் அங்கே பேசப்பட்டன. பத்திரிகையில் வரும் முன்னரே தவறணையில் வந்த செய்திகள் உண்டு. அங்கு சென்றவன் வீட்டில் அடுப்பெரியாத நாட்களும் உண்டு. கூலி முழுவதையும் கொட்டிலில் விட்டு வந்தவனை எதிர்கொண்ட மனைவியின் துயரம் எந்த நினைவுக் கட்டுரையிலும் எழுதப்படுவதில்லை.

அரசாங்கத்துக்குக் கள்ளும் சாராயமும் பெரு வருவாய் தந்தன. தவறணை நடத்தும் உரிமை குத்தகைக்கு ஏலம் விடப்பட்டது, குத்தகைகாரர் செல்வரானார். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இத்துறையைப் புதிதாக ஒழுங்குசெய்தது. மதுவிலக்கு இயக்கத்தார் ஊர் மக்களின் வாக்கெடுப்பினாற் தவறணைகளை மூடும் உரிமையைப் பெற்று, யாழ்ப்பாணத்திற் பலவற்றை மூடுவித்தனர். பின்னர் மரவரி முறை வந்தது. சீவும் மரத்துக்கு இவ்வளவு என வரி கட்டி அனுமதி பெற்றவர் கள் இறக்கினார். 1972ஆம் ஆண்டளவில் இம்முறை நீங்கி, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களே தவறணைகளை நடத்தும் ஏற்பாடு வந்தது. அச்சங்கங்களால் ஒரு பயன் விளைந்தது: இறக்கிய கள்ளுக்கு நிச்சயமான விலையும், மரத்தால் விழுந்த தொழிலாளிக்கு ஓரளவு உதவியும் கிடைத்தன. தளைநாரைக் காலில் மாட்டி, இடையிற் கத்தி செருகி, நாளொன்றுக்கு இருமுறை பல மரம் ஏறியிறங்கிய அம்மனிதருக்கு அதற்கு முன் தம் உழைப்பின் விலையைத் தாமே கூறும் உரிமை இருந்ததில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். அவர் கையால் இறக்கிய கள்ளை எல்லாச் சாதியாரும் பருகினர். அவரோ தம்மிடம் கள் வாங்கியவரின் கிணற்றில் நீர் அள்ள முடியாதவராயிருந்தார். கள்ளுக்குத் தீட்டில்லை, தண்ணீருக்குத் தீட்டுண்டு என்ற இக்கொள்கைக்குச் சாத்திரம் எதுவும் ஆதாரமாகாது. வசதியே அதன் ஆதாரம்.

தெரு கலைந்தமை

இத்தெரு காலத்தால் மெல்ல மாறி மறைந்ததன்று. பல முறை உடைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களிற் சந்தைக் கடைகளும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகமும் எரிந்தது. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது புகைவண்டி நின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையாற் சில மணி நேரத்துள் நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகத் தாம் திறந்த கடைகளின் சாவியைக் கூட அவர்கள் கொண்டு செல்லவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆந் திகதி, இராணுவம் நெருங்கி வரத் தமிழ் மக்களும் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஒருவரை வெளியேற்றிய தெரு தானும் வெறுமையாகும் என்பதை இவ்விரு நாட்களையும் ஒருங்கு நோக்குவோர் உணர்வர்.

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. புகைவண்டி 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டு வந்தது. நூலகம் மீளக் கட்டப்பட்டது. கடைகள் திறந்தன, சில முஸ்லிம் குடும்பங்கள் திரும்பின. கொத்தும் சுண்டும் மறைந்தன. கொட்டிலில் வாசித்த குரல் ஓய்ந்தது. தேநீர்க்கடையில் எவரும் எவ்விடத்தும் அமரலாம். பழைய காலமே பொற்காலமென்று கூறுவோர் இந்த ஒன்றையாவது புதிய காலத்தின் கணக்கில் வரவு வைத்தல் நியாயம்.

மாணவர்க்கு

இம்மலரை வாசிக்கும் மாணவர் தம் பாட்டனாரிடமும் பேர்த்தியாரிடமும் பழைய கடைத்தெருவைப் பற்றிக் கேட்பாராக. அங்கே என்ன உண்டீர்கள் என்று மாத்திரம் கேட்டு நிறுத்தாது, எங்கே அமர்ந்து உண்டீர்கள், உங்களோடு படித்தவர் எங்கே நின்றார், அடுத்த கடைக்காரர் பின்னர் எங்கே போனார் என்றுங் கேட்பாராக. பேர்த்தியார் கடைத்தெருவுக்கே செல்லாதவராயின், ஏன் செல்லவில்லை என்பதும் எழுதத்தக்கதே. பெண்கள் தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்த காலம் மிகப் பிந்தியது.

பழைய மாணவர் சங்கத்தாரும் ஆசிரியரும் முயன்றால் இவ்விடைகளைத் திரட்டி ஒரு தொகுப்பாகக் கல்லூரி நூலகத்தில் வைத்தல் அரிதன்று. 1950களைக் கண்ணாற் கண்டோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். சீவல் தொழிலாளர் மகன், சுருட்டுத் தொழிலாளர் மகள், சோனகத் தெருவிலிருந்து புத்தளம் சென்ற வணிகர், பெரிய கடை முதலாளியின் பேரன் ஆகிய எல்லாருடைய சொல்லும் அத்தொகுப்பில் அடுத்தடுத்து இடம்பெறல் வேண்டும். தெருவில் ஒரே வாங்கில் அமர இயலாதுபோனவர் ஏட்டிலாவது ஒருங்கே அமர்வாராக.